இருமொழிக் குழந்தையும் பேச்சு நோயியல் பட்டப்படிப்பும்

கேரள மாநிலத்தின் பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர் வட்டமும், இடுக்கி மாவட்டத்தில் தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை வட்டங்களும் தமிழ்நாட்டை ஒட்டி அமைந்தவை. 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்புக்குப் பின்னரும் இப்பகுதிகளில் தமிழ் பேசும் மக்கள் கணிசமாக வாழ்ந்து வருகின்றனர். சித்தூர்ப் பகுதியில் உழவுத் தொழிலையும், மூணாறு முதலிய மலைப் பகுதிகளில் தேயிலை, ஏலத் தோட்டத் தொழிலையும் நம்பி வாழ்பவர்கள் இவர்கள். 2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 5 லட்சம் பேர். மொழிச் சிறுபான்மையினரின் கல்வி, அரசு அலுவலகக் கடிதப் போக்குவரத்து ஆகியன பற்றிப் பேசப்பட்ட அளவுக்கு, அவர்களுடைய குழந்தைகளின் பேச்சு வளர்ச்சியைப் பற்றிப் பேசப்பட்டதில்லை. ஆயினும் மொழி வேறுபாடு ஒரு குழந்தையின் வாழ்வை நேரடியாகத் தொடும் இடம் ஒன்று உண்டென்றால், அது பேச்சுப் பயிற்சியாளரின் அறையே ஆகும்.

ஏழு வயதுச் சிறுவன் ஒருவனை எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். வகுப்பில் அவன் அதிகம் பேசுவதில்லை. பேசும்போது சில ஒலிகள் ஆசிரியரின் காதுக்குச் சரியாகப் படுவதில்லை. வாக்கியங்கள் குறையாக நிற்கின்றன. இவனுக்கு உள்ளது குறைபாடா, அல்லது இரண்டு மொழிகளுக்கு இடையில் நிற்கும் எந்தக் குழந்தைக்கும் இயல்பாக ஏற்படும் வேறுபாடு மட்டுந்தானா? இக்கேள்விக்குத் தவறான விடை இரண்டு வகையாக அமையலாம். குறையில்லாத குழந்தைக்குக் குறையுள்ளவன் என்று முத்திரை குத்துவது ஒன்று. செவிப்புலன் குறைந்த குழந்தையை, 'தமிழ்ப் பிள்ளை, போகப் போகப் பேசுவான்' என்று விட்டுவிடுவது மற்றொன்று. முன்னதைப் பின்னர் திருத்திக்கொள்ளலாம். பின்னதில் இழந்த ஆண்டுகள் திரும்ப வருவதில்லை. மொழியை மிக எளிதாகக் கற்கும் பருவம் முதல் சில ஆண்டுகளே. பிறந்த குழந்தையின் செவிப்புலனை ஒரு மாதத்திற்குள் சோதித்து, மூன்று மாதத்திற்குள் குறையை உறுதிசெய்து, ஆறு மாதத்திற்குள் உதவியைத் தொடங்க வேண்டும் என்று உலகெங்கும் வல்லுநர்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

இந்த வேறுபாட்டைப் பிரித்தறியும் ஆற்றலே பேச்சு நோயியல் என்னும் பல்கலைக்கழகப் படிப்பின் உயிர்நாடி எனலாம்.

துறையின் வளர்ச்சி

நம் நாட்டில் இத்துறைக்கு முறையான பல்கலைக்கழகக் கல்வி 1960களில்தான் தொடங்கியது. மைசூரில் அகில இந்தியப் பேச்சு செவிப்புலன் நிறுவனம் 1965ஆம் ஆண்டு மத்திய அரசால் நிறுவப்பட்டது. மும்பையில் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் 1983ஆம் ஆண்டு தோன்றியது. கேரளத்தில் திருவனந்தபுரத்திலுள்ள தேசியப் பேச்சு செவிப்புலன் நிறுவனம், 'நிஷ்' என்று பலராலும் அறியப்படுவது, 1997ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பாலக்காடு மாவட்டத்துக்குள்ளேயே, ஷொர்ணூரை அடுத்த கவளப்பாறையில், தகவல் தொடர்பு மற்றும் அறிதிறன் நரம்பியல் நிறுவனம் இயங்குகிறது. 'இக்கான்ஸ்' என்று அழைக்கப்படும் இது கேரள அரசின் ஆதரவு பெற்றது. பக்கவாதத்தால் பேச்சிழந்தோர் முதல் கற்றல் குறைபாடுடைய குழந்தைகள் வரை பலருக்கும் சிகிச்சை அளிப்பதுடன், பேச்சு செவிப்புலன் படிப்புகளையும் நடத்துகிறது. சித்தூரிலிருந்து இது ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மூணாற்றுக்காரருக்கு இந்த வசதி இல்லை. மலையிறங்கி நெடுந்தொலைவு செல்ல வேண்டும்.

1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம் இத்துறையைச் சட்ட வரம்புக்குள் கொண்டுவந்தது. அங்கீகரிக்கப்பட்ட தகுதியைப் பெற்று, மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் பதிவு செய்தவரே இப்பணியைச் செய்யலாம். பதிவின்றிச் செய்பவருக்குச் சிறைத் தண்டனையோ அபராதமோ உண்டு. இதில் எல்லைப் பகுதி மாணவர் கருத்திற்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. பதிவு மாநில அளவிலானது அன்று, நாடு தழுவியது. கேரளத்தில் படித்தவர் கோயம்புத்தூரிலோ தேனியிலோ பணியாற்றுவதற்குத் தடை ஏதுமில்லை; சென்னையில் படித்தவர் பாலக்காட்டில் பணியாற்றுவதற்கும் இல்லை.

படிப்பில் இருப்பது என்ன

அடிப்படைப் பட்டம் செவியியல் மற்றும் பேச்சு மொழி நோயியல் இளநிலைப் பட்டம் எனப்படும். மூன்று ஆண்டுகள் வகுப்புக் கல்வியும் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியுமாக நான்கு ஆண்டுகள் கொண்டது. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல் ஆகியவற்றுடன் உயிரியல் அல்லது கணிதம் போன்ற ஒரு பாடத்தைப் படித்தவர்கள் இதில் சேரத் தகுதியுடையவர்கள். இதன்பின் முதுநிலையில் செவியியல், பேச்சு மொழி நோயியல் என்று துறை இரண்டாகப் பிரிகிறது. ஓராண்டுப் பட்டயப் படிப்பும் உண்டு. அதை முடித்தவர்கள் உதவியாளர் நிலையில் பணி செய்யலாம்.

மருத்துவ அறிவு, இயற்பியல், மொழியியல், உளவியல் ஆகிய நான்கும் இப்பாடத்திட்டத்தில் ஒன்றுகூடுகின்றன. குரல்வளை, நாக்கு, அன்னம், உட்செவி, மூளை ஆகியவற்றின் அமைப்பும் செயலும் முதலில் கற்பிக்கப்படுகின்றன. ஒலியின் அதிர்வெண்ணையும் செறிவையும் அளப்பது, செவிமானியை இயக்குவது, கேட்புக் கருவியைத் தெரிவுசெய்து பொருத்துவது ஆகியன செவியியலின் பகுதி. திக்குதல், குரல் கெடுதல், அன்னப்பிளவால் வரும் மூக்கொலி, மூளைவாதத்தால் குழறும் பேச்சு, பக்கவாதத்துக்குப் பின் வரும் பேச்சிழப்பு, விழுங்குவதில் உள்ள இடர்ப்பாடு ஆகியன பேச்சு நோயியலின் பகுதி. பேச்சுப் பயிற்சியாளருக்கும் உணவை விழுங்குவதற்கும் என்ன தொடர்பு என்று புதியவர்கள் வியப்பதுண்டு. பேசும் உறுப்புகளே விழுங்கும் உறுப்புகளுமாக இருப்பதால், பக்கவாத நோயாளி பாதுகாப்பாக உண்ணத் தொடங்குவதைக் கவனிப்பதும் இவர் பொறுப்பாகிறது.

திக்குதலைக் கொண்டு இப்பயிற்சியின் தன்மையை ஓரளவு உணரலாம். இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையே திக்கத் தொடங்கும் குழந்தைகளுள் பெரும்பாலோர் தாமாகவே சரியாகிவிடுகின்றனர். சிலர் சரியாவதில்லை. யார் அந்தச் சிலர் என்பதைக் குடும்ப வரலாறு, திக்கல் நீடித்த காலம், குழந்தை படும் சிரமம் ஆகியவற்றைக் கொண்டு கணிப்பதற்கே பயிற்சி தேவைப்படுகிறது. நாக்கில் வசம்பு தேய்ப்பதும், கூழாங்கல்லை வாயிலிட்டுப் பேசச் சொல்வதும் இந்தக் கணிப்புக்கு ஈடாகா.

மொழியியல் தாள் ஏன் முக்கியம்

மாணவர்களிடையே மொழியியல் தாள் என்றால் ஒருவித அலட்சியம் உண்டு. உடற்கூறும் கருவிகளும் 'உண்மையான' பாடங்கள், மொழியியல் தேர்வுக்காகப் படிப்பது என்று எண்ணுவோர் பலர். எல்லைப் பகுதியில் பணியாற்றப் போகும் ஒருவருக்கு இந்த எண்ணம் பெருந்தடையாகும்.

காற்று என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். மலையாளத்தில் இதன் இடையிலுள்ள ஒலி மேற்பல் ஈற்றின் மேடான பகுதியை நாக்கு நுனி தொடுவதால் பிறக்கிறது. அது பல்லைத் தொட்டுப் பிறக்கும் தகரத்தினின்றும், அண்ணத்தில் நாவை வளைத்துப் பிறக்கும் டகரத்தினின்றும் வேறானது. மலையாளத்தில் இவ்வேறுபாடு பொருளை மாற்றும். காற்றைக் குறிக்கும் சொல்லைத் தகரமிட்டு ஒலித்தால் காத்திருந்து என்னும் பொருள் வந்துவிடும். தமிழ்ப் பேச்சு வழக்கிலோ காற்று 'காத்து' ஆகவே ஒலிக்கிறது. மலையாள ஒலிப்புச் சோதனையின் படத்தைக் காட்டி, 'காத்து' என்று சொன்ன தமிழ்க் குழந்தைக்கு ஒரு பிழை குறித்துக்கொண்டால், பிழை குழந்தையினுடையது அன்று.

இவ்வாறே ழகரம். மலையாள வழக்கில் அது பெரிதும் நிலைத்திருக்கிறது. தமிழ் வட்டார வழக்குகள் பலவற்றில் பழம் 'பளம்' ஆகிறது. வீட்டில் யாரும் ழகரத்தை ஒலிக்காதபோது குழந்தை மட்டும் ஒலிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையன்று. சொற்பொருளிலும் சிக்கல் உண்டு. மலையாளத்தில் 'வெள்ளம்' என்றால் குடிக்கும் தண்ணீர். தமிழில் அது ஆற்றுப் பெருக்கு. குவளையில் தண்ணீர் இருக்கும் படத்தைப் பார்த்து ஒரு குழந்தை எந்தச் சொல்லைச் சொன்னாலும், அது எந்த மொழியிலிருந்து வந்தது என்று தெரியாதவர் அதன் சொல்வளத்தை மதிப்பிட இயலாது.

ஆனால் மிக நுட்பமான இடம் வினைச்சொல்லே. தமிழில் வந்தான், வந்தாள், வந்தது, வந்தேன் என்று வினைமுற்று ஆளையும் பாலையும் காட்டும். மலையாளத்தில் இந்த ஈறுகள் காலப்போக்கில் மறைந்துவிட்டன. அவனும் அவளும் அதுவும் நானும் எல்லாருக்கும் ஒரே வினைமுற்றுத்தான். வினையின் ஈறுகளைக் கைவிடுவதும் குழப்புவதும் பல மொழிகளில் மொழி வளர்ச்சிக் குறைபாட்டின் அறிகுறிகளாகக் கருதப்படுகின்றன. சித்தூர்ப் பள்ளி ஒன்றில் மலையாளம் வழியே படிக்கும் தமிழ்க் குழந்தை, தமிழ் பேசும்போது இந்த ஈறுகளைத் தவறவிட்டால் அது குறைபாட்டின் அறிகுறியா, மலையாளத்தின் தாக்கமா? மறுபுறம், இதே குழந்தையை மலையாளத்தில் மட்டும் சோதித்தால், ஈறுகளில் உண்மையாகவே குறையிருந்தாலும் அது வெளிப்படாது. ஏனெனில் அந்த மொழியில் தவறவிடுவதற்கு ஈறுகளே இல்லை. ஒரே நிலைமை இருபுறமும் ஏமாற்றக்கூடியது.

இதற்குத் துறை கண்டுள்ள விதி தெளிவானது. உண்மையான மொழிக் குறைபாடு குழந்தை பேசும் எல்லா மொழிகளிலும் ஏதேனும் ஒரு வடிவில் வெளிப்படும். ஒரு மொழியில் மட்டும் காணப்படுவது பெரும்பாலும் வேறுபாடே அன்றிக் குறைபாடு அன்று. ஆகவே இருமொழிக் குழந்தையை இரு மொழிகளிலும் சோதித்தல் வேண்டும். விதியைச் சொல்வது எளிது. அதை நடைமுறைப்படுத்த இரு மொழிகளையும் அறிந்த பயிற்சியாளர் ஒருவர் தேவை, அல்லது தக்கவாறு பழக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தேவை. உடன் வந்த அக்காளையோ மருத்துவமனைக் காவலாளியையோ மொழிபெயர்க்கச் சொல்வது வழக்கமான ஏற்பாடு. ஆனால் அவர்கள் குழந்தையின் தவறுகளைத் தம்மையறியாமல் திருத்தியே சொல்வார்கள். பயிற்சியாளருக்கு வேண்டியதோ அந்தத் தவறுகள்தாம்.

அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் ஆகியோரின் வீட்டுமொழிகள் தமிழும் அல்ல, மலையாளமும் அல்ல. அங்கே இச்சிக்கல் இரட்டிப்பாகிறது.

தாய்க்குச் சொல்லப்படும் அறிவுரை

பேச்சு தாமதமான குழந்தையின் பெற்றோரிடம், 'வீட்டில் ஒரே மொழி பேசுங்கள். பள்ளி மொழியையே பேசுங்கள்' என்று கூறும் வழக்கம் இன்றும் மறையவில்லை. இரண்டு மொழி குழந்தையைக் குழப்புகிறது என்பது இதன் பின்னுள்ள எண்ணம். ஆராய்ச்சிகள் இதனை ஆதரிக்கவில்லை. மன இறுக்கம் உடைய குழந்தைகளும், மொழி வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைகளும் இரு மொழிகளை, தத்தம் திறனுக்கேற்ப, கற்கக்கூடியவர்களே. இரண்டாம் மொழி அவர்களின் குறையைக் கூட்டுவதில்லை.

தோட்டக் குடியிருப்பில் இந்த அறிவுரை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். தமிழ் மட்டுமே சரளமாகத் தெரிந்த தாய், தெரிந்த நான்கு மலையாளச் சொற்களைக் கொண்டு குழந்தையோடு பேச முயல்கிறாள். கதை சொல்வது நின்றுபோகிறது, தாலாட்டு நின்றுபோகிறது, கடிந்துகொள்வதும் கொஞ்சுவதும் சுருங்கிப்போகின்றன. பேச்சு குறைவாக உள்ள குழந்தைக்கு வேண்டுவது அதிகப் பேச்சு. கிடைப்பதோ குறைந்த பேச்சு. உட்செவிக் கருவி பொருத்தப்பட்ட குழந்தைக்கு இது இன்னும் கேடு பயக்கும். கேரள அரசு 2012ஆம் ஆண்டு தொடங்கிய சுருதிதரங்கம் திட்டத்தின் கீழ் பல குழந்தைகளுக்கு இக்கருவி பொருத்தப்பட்டது. அறுவைச் சிகிச்சை முடிந்தபின் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில், கேட்டுப் பேசும் பயிற்சி வேண்டும். அப்பயிற்சியின் பெரும் பகுதி வாரத்தில் ஒரு மணி நேரம் மையத்தில் நடப்பதன்று, நாள்தோறும் வீட்டில் தாயின் வாய்மொழியில் நடப்பது.

சான்றிதழும் செவியும்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேச்சு மற்றும் மொழிக் குறைபாட்டைத் தனி வகையாக ஏற்றது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது தனியே இடம்பெறவில்லை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பேச்சுக் குறையுடையோர் சுமார் 20 லட்சம் பேரும், செவிப்புலன் குறையுடையோர் சுமார் 51 லட்சம் பேரும் கணக்கிடப்பட்டனர். புதிய சட்டத்தின் விளக்கம், உறுப்பு அல்லது நரம்பு சார்ந்த காரணங்களால் ஏற்படும் நிலையான குறையையே குறிக்கிறது. குறை 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்தால்தான் சட்டத்தின் பெரும்பாலான சலுகைகள் கிட்டும்.

இவ்விழுக்காட்டைக் கணக்கிடுவதில், பேச்சு எந்த அளவுக்குக் கேட்போருக்குப் புரிகிறது என்பதும் ஓர் அளவுகோல். இங்கே நிர்வாகத்தினர் எண்ணிப்பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. புரிதல் என்பது பேசுபவரை மட்டும் பொறுத்ததன்று, கேட்பவரையும் பொறுத்தது. பக்கவாதத்தால் நாக்குழறும் ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளியின் தமிழை, தமிழறியாத ஒருவர் கேட்டு மதிப்பிட்டால், கிடைக்கும் எண் எதை அளந்தது? பேச்சிழப்பு நோயாளிகளுக்கான சோதனைகள் தமிழிலும் மலையாளத்திலும் தனித்தனியே உருவாக்கப்பட்டுள்ளன. எதைப் பயன்படுத்துவது என்பதை நோயாளி நோய்க்கு முன் வீட்டிலும் தொழிலிடத்திலும் எம்மொழியைப் பேசினார் என்று கேட்டறிந்து முடிவு செய்தல் வேண்டும். இருமொழியாளருக்குப் பக்கவாதத்தின் பின் இரு மொழிகளும் ஒரே அளவில் திரும்புவதில்லை என்பதும் மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கண்டறிந்த உண்மை.

யார் படிக்க வேண்டும்

சிறந்த கருவிகளைவிட அரிதாகக் கிடைப்பது இரு மொழிகளையும் காதால் அறிந்த மனிதர்தான். அப்படிப்பட்டவர்கள் எல்லை வட்டங்களில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். சித்தூரிலோ மறையூரிலோ வளர்ந்த பதினேழு வயது மாணவி, காற்று என்பதை இரண்டு விதமாகவும் ஒலிக்கவும் இரண்டையும் பிரித்துக் கேட்கவும் ஏற்கெனவே தெரிந்தவள். வேறிடத்து மாணவர் பல மாதம் முயன்று பழகுவதை அவள் வீட்டுத் திண்ணையிலேயே பெற்றுவிட்டாள். இதை ஒரு தகுதியாக அவளும் நினைப்பதில்லை, அவள் ஆசிரியரும் நினைப்பதில்லை. மேல்நிலைப் பள்ளிகளில் மருத்துவம், பொறியியல், செவிலியம் ஆகியவற்றைப் பற்றி வழிகாட்டப்படும் அளவுக்கு இப்படிப்பைப் பற்றிக் கூறப்படுவதில்லை.

தடைகள் இல்லாமல் இல்லை. பாடம் நடப்பது ஆங்கிலத்தில். கேரளத்து மருத்துவப் பயிற்சி நடப்பது மலையாளத்தில். தமிழ் வழியில் படித்தவருக்கு முதலாண்டு கடினமானது. இன்னொரு இடர்ப்பாடும் உண்டு: பயிற்சிக் காலத்தில் ஒவ்வொரு மாணவரும் குறித்த அளவு நேரம் நோயாளிகளுடன் பணியாற்றிக் காட்ட வேண்டும். அந்நேரத்தில் ஒரு பகுதியை எல்லை வட்டங்களிலுள்ள முகாம்களிலும் தமிழ்வழிப் பள்ளிகளிலும் செலவிட ஏற்பாடு செய்தால், மாணவருக்கும் பயன், அங்குள்ள குழந்தைகளுக்கும் பயன். பல்கலைக்கழகத்துக்கு இதனால் பெருஞ்செலவு ஏற்படப் போவதில்லை.

குழந்தைகளைக் கண்டறியும் அமைப்பு ஏற்கெனவே உள்ளது. 2013ஆம் ஆண்டு தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின்படி பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளோர் அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் பரிசோதிக்கப்பட வேண்டும். பிறவிச் செவிடு, அன்னப்பிளவு, மொழி வளர்ச்சித் தாமதம் ஆகியன அப்பட்டியலில் அடங்கியவை. கண்டறியப்பட்டோர் மாவட்டத் தொடக்கநிலைச் சிகிச்சை மையத்துக்கு அனுப்பப்படுகின்றனர். கண்டறிந்த பின் நடப்பதில்தான் சங்கிலி அறுகிறது. கொழுந்து பறிக்கும் தாய்க்கு ஒரு நாள் மையத்துக்குச் சென்றுவருவது ஒரு நாள் கூலியை இழப்பதாகும். வாரந்தோறும் என்றால் குடும்பம் தாங்காது. சிலர் போடிமெட்டு வழியாகத் தேனிக்கும், சின்னாறு வழியாக உடுமலைக்கும், வேலந்தாவளம் வழியாகக் கோவைக்கும் செல்கின்றனர். அங்கே மொழி புரிகிறது, ஆனால் கேரள அரசின் உதவித் திட்டங்களின் தொடர்பு அறுந்துபோகிறது. தொலைபேசிக் காட்சி வழியான பயிற்சி ஓரளவு துணை செய்யும். அதற்கும் மறுமுனையில் தாயின் மொழி பேசும் ஒருவர் இருந்தாக வேண்டும்.

மொழிச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம் என்பதைக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டது. அதற்கேற்ப, தமிழும் மலையாளமும் அறிந்த எழுத்தர் என்ற தனிப் பிரிவில் அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஆட்களைத் தெரிவு செய்து வந்துள்ளது. மனுவைப் படிப்பவருக்கு இரு மொழிகள் வேண்டும் என்று ஒப்புக்கொண்ட ஆட்சி, மனு எழுதவும் வாய்திறக்கவும் இயலாத குழந்தையைச் சோதிப்பவருக்கு அதையே விதிப்பதில் கொள்கைத் தடை எதுவும் இருக்க முடியாது. பாலக்காடு, இடுக்கி மாவட்ட மையங்களின் பேச்சுப் பயிற்சியாளர் பணியிடங்களில் ஒன்றிரண்டையேனும் 'தமிழும் மலையாளமும் அறிந்தவர்' என்று குறித்து அறிவிப்பதற்கு ஓர் அரசாணை போதும். அந்த அறிவிப்பு வெளிவரும் ஆண்டிலேயே, சித்தூர் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் படிக்கும் சிலர் அப்பட்டப்படிப்பின் பெயரைக் கேட்டறிந்துகொள்வார்கள்.